ராத்தாவின் வலது கை

புக்கிட் பெருந்துங்
19 ஆகஸ்ட் 2024

ஜஸ்மினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். இந்தப் பக்கத்தை எழுதி முடிக்க எனக்குப் பல காலைகள் ஆயின.

நீ கூப்பிடும்போதெல்லாம் போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து என் நாக்கு குழறுகிறது. ஒரு சொல்லை நான் தேடிப் பிடித்து வெளியே கொண்டுவருவதற்குள் மீதியை நீ சொல்லி முடித்துவிடுகிறாய். நான் நினைக்காததையெல்லாம் எனக்காக நீ சொல்லிவிட்டாய். காகிதத்தில் உன்னால் அது முடியாது.

வியாழக்கிழமை மருத்துவமனையில் ஷர்மினியைப் பார்த்தேன். எனக்குக் கைப்பயிற்சி கொடுக்க மார்ச் மாதம் நம் வீட்டுக்கு வந்த ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) பெண். அவள் கேட்ட ஒரே ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதனால்தான் அன்று நான் கோல சிலாங்கூருக்குத் திரும்பவில்லை. என் மகன் ஹைருலிடம் காரை நேராக அவன் வீட்டுக்கே ஓட்டச் சொன்னேன்.

என் தொழுகை உடை, கண்ணாடி, மருந்துப் பெட்டி, கைலிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வை. ஹைருல் வந்து வாங்கிக்கொள்வான். நீ கொண்டுவர வேண்டாம்.

கதீஜா


கோல சிலாங்கூர்
27 ஆகஸ்ட் 2024

என் அருமை ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் எழுத்தைப் பார்த்ததும் அடையாளமே தெரியவில்லை. யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். பெயரைப் பார்த்த பிறகு நம் சாப்பாட்டுக்கடைக் கல்லாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வாடிக்கையாளர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

சொல்லாமல் போய்விட்டீர்களே ராத்தா. அன்று உங்களுக்காக மீன் கஞ்சி காய்ச்சி, முள் பார்த்து, மசித்து வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்து மஃரிப் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஹைருலைக் கூப்பிட்டால், “உம்மா இங்கதான் இருக்காங்க சாச்சி. இப்ப பேச மாட்டாங்களாம்” என்கிறான். ஏதோ பக்கத்துவீட்டுக்காரிக்குப் பதில் சொல்வது மாதிரி.

ஷர்மினி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிறார்கள். ஆளை மாற்றிச் சொல்லியிருப்பாள், இல்லை ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாள். அவள் ஒரு பேச்சுச் சொன்னதும் என்னை உதறிவிட்டீர்கள். பிப்ரவரியிலிருந்து உங்களைக் குளிப்பாட்டியது யார்? தலை வாரியது யார்? இரவில் கழிவறைக்குத் தூக்கிப்போனது யார்? ஒரு தடவையாவது முகம் சுளித்திருப்பேனா?

ஹைருல் ரவாங் தொழிற்சாலைக்குப் போனால் திரும்பிவர ராத்திரியாகிவிடும். அதுவரை உங்களுக்கு யார் ஊட்டுவார்கள்? தொழுகைக்கு முன் ஒளு செய்ய யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? அந்தத் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று அவனே சொல்வான். விழுந்தால் சத்தம் கேட்டு வர ஆளில்லை. பிடிவாதம் பிடிக்கிற நேரமா இது?

கோபம் தணிந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடையை மூடிவிட்டு நானே வந்து அழைத்துவருகிறேன்.

பையைக் கட்டி வைத்திருக்கிறேன். ஆனால் கொடுக்க மனம் வரவில்லை.

உங்கள் தங்கை
ஜஸ்மின்


புக்கிட் பெருந்துங்
11 செப்டம்பர் 2024

ஜஸ்மினுக்கு,

ஷர்மினி ஆளை மாற்றவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் எண் வரும்வரை சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஹைருல் மருந்து வாங்கப் போயிருந்தான். யாரோ என் முன்னால் வந்து குனிந்தார்கள். ஷர்மினி. சிரித்துக்கொண்டே வந்தவள் என் வலது கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். விரல்கள் மடங்கி உள்ளங்கைக்குள் புதைந்து கிடந்தன.

“என்னம்மா, கையை இப்படி விட்டுட்டீங்க? ஏன் வரவே மாட்டேன்னுட்டீங்க?”

“நீங்கதானே... இனி ஒன்னும்... முடியாதுன்னு...”

அவள் என் வாக்கியம் முடியும்வரை காத்திருந்தாள். பிறகுதான் சொன்னாள். “நாங்க அப்படிச் சொல்லவே இல்லையேம்மா. உங்க தங்கச்சிதான் போன் பண்ணாங்க. ராத்தாவுக்கு இஷ்டமில்ல, வற்புறுத்தாதீங்கன்னாங்க. நான் மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டேன். அப்பவும் அதேதான் சொன்னாங்க.”

பெருநாள் கழிந்த வாரம் நீ என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாயே, நினைவிருக்கிறதா? என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “இனி ஒன்னும் செய்ய முடியாதாம் ராத்தா. கை இவ்வளவுதானாம்” என்று தேம்பித் தேம்பி அழுதாய். நானும் அழுதேன். ஆனால் கை போனதற்காக அழவில்லை. எனக்காக இப்படி அழுகிறாளே, இவள் கண்ணைத் துடைக்கக்கூட என்னால் முடியவில்லையே என்று அழுதேன். பொய் சொன்னவளுக்கு நான் ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

ஷர்மினி என்னை மறுபடி சேர்த்துக்கொண்டாள். முதல் நாள் கையைத் தொடவே இல்லை. “ஒரு நாள்ல எந்த வேலையை நீங்களே செய்யணும்னு ரொம்ப ஆசையா இருக்கு?” என்று கேட்டாள். சமையல் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். ஒளு என்றேன்.

காரணம் உனக்குத் தெரியும். மதியக் கூட்டம் இழுத்துவிட்டால் உனக்கு மாடிக்கு வர நேரமிருக்காது. பாங்கு சொல்லி, நேரம் போய், அடுத்த பாங்கும் வந்துவிடும். எத்தனை அசர் தொழுகை அப்படிப் போனது! உன்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தண்ணீருக்கு இன்னொருவரை எதிர்பார்த்துக் கிடப்பவள் எப்படிக் குறை சொல்வாள்?

ஷர்மினி இந்துப் பெண். ஒளுவை ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். வலது கையை இடது கையால் கழுவிவிடலாம். இடது கையை யார் கழுவுவது? அங்கேதான் இருவரும் திகைத்து நின்றோம். அடுத்த வாரம் அவள் வீட்டுக்கே வந்தாள். குழாயை மாற்றி, முழங்கையால் தள்ளினாலே திறக்கும் நீளப் பிடிக் குழாயை ஹைருலைப் பொருத்தச் சொன்னாள். கழுவும் தொட்டிக்கு முன்னால் பின்சாய்வுள்ள நாற்காலி. சுவரில் ஒரு தடித்த துண்டை இழுத்துக் கட்டினாள். அதை நனைத்து, குழாய்த் தண்ணீர் ஓட ஓட இடது கையை அதில் தேய்த்துக்கொள்ள வேண்டும். முதலில் தரையெல்லாம் வெள்ளம். என் உடையும் நனைந்தது. அவள், “பரவால்ல, காயும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை யாரையும் கூப்பிடாமல் அசர் தொழுதேன்.

சாப்பாடும் அப்படித்தான். இடது கையால் சாப்பிட எனக்குக் கூச்சம். அதனால்தானே உன்னிடம் வாயைத் திறந்துகொண்டிருந்தேன். ஷர்மினி என் வலது உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டையை மாட்டி, அதில் கரண்டியைச் செருகிவிட்டாள். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. முதல் சில வாய் வலது கையால். கை சோர்ந்த பிறகு இடது. அல்லாஹ் அறிவான்.

அவளிடம் ஒன்று கேட்டேன். “ஏப்ரல்லயே... விடாம வந்திருந்தா... இந்த விரல்... விரிஞ்சிருக்குமா?”

அவள் என் விரல்களை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆரம்ப மாசங்கள்ல கை சொன்ன பேச்சை நல்லாக் கேக்கும். அதுமட்டும் உண்மை” என்றாள்.

எனக்கு வேறு யாருடைய பதிலும் வேண்டியதில்லை. உன் பதில் வேண்டும். ஏன் செய்தாய்?

கதீஜா


கோல சிலாங்கூர்
19 செப்டம்பர் 2024

ராத்தா,

ஆமாம். நான்தான் போன் செய்தேன்.

ஏன் என்று கேட்டீர்கள். உங்களுக்குத் தெரியாத மாதிரிக் கேட்கிறீர்கள். பெருநாள் முடிந்து கடை திறந்த அன்று ஷர்மினி வந்து உங்களை மாடியிலிருந்து இறக்கி, கடை அடுப்படியில் நாற்காலி போட்டு வெங்காயம் நறுக்க வைத்தாள். அன்று முழுவதும் உங்கள் முகம் பூரித்துக் கிடந்தது. மறுநாள் நான் லுஹர் தொழப் போயிருந்த நேரம், நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கித் தனியாக அடுப்படிக்குப் போனீர்கள். ஷர்மினி தனியாகப் போகச் சொன்னாளா? இல்லையே.

தொழுகை முடித்து சலாம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தால், பெரிய அடுப்புப் பக்கத்தில் ஈரத் தரையில் கன்னம் பதியக் கிடந்தீர்கள். மீன் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அடுப்பு எவ்வளவு தாழ்வானது என்று உங்களுக்கே தெரியும். முட்டாக்கின் நுனி தீக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. நான் இன்னும் ஒரு ரக்அத் கூட்டித் தொழுதிருந்தால்? அந்த நினைப்பு இன்றுவரை என் தொழுகையைக் கெடுக்கிறது ராத்தா.

“யார்ட்டயும் சொல்லாத” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே மருத்துவமனைக்குப் போன் செய்து, இனி வர வேண்டாம் என்றேன். நம்பிக்கை இருக்கும்வரை நீங்கள் எழுந்து நடப்பீர்கள், விழுவீர்கள். நம்பிக்கையை எடுத்துவிட்டால் படுத்திருப்பீர்கள் என்று நினைத்தேன். உயிரோடு இருப்பீர்கள் என்று நினைத்தேன்.

இவ்வளவு எழுதிவிட்டேன். இதோடு நிறுத்தினால் நான் நல்லவளாகிவிடுவேன். நிறுத்த முடியவில்லை.

வாப்பா மௌத்தாகி மண்ணுக்குப் போனதிலிருந்து அந்த அடுப்படி உங்களுடையது. கறியில் உப்பு இருக்கிறதா என்று பார்க்கக்கூட நான் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பாசிர் பெனம்பாங்கில் நான் பார்த்து வாங்கிவந்த மீனை வேலைக்காரர்கள் முன்னால் கூடையோடு திருப்பி அனுப்புவீர்கள். தெலுக் இந்தானிலிருந்து எனக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தீர்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த ஆள் நல்லவனா கெட்டவனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீங்கள் படுத்திருந்த அந்த மாதங்களில் என்னை ஒரு தடவைகூட அதட்டவில்லை. தண்ணீர் கொடுத்தால் என் கன்னத்தைத் தொட்டீர்கள். “நீ இல்லன்னா நான் என்ன ஆவேன்” என்றீர்கள். நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக என் ராத்தாவுக்கு நான் வேண்டியவளாக இருந்தேன். நீங்கள் எழுந்துவிட்டால் அது போய்விடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

போதுமா?

ஜஸ்மின்


புக்கிட் பெருந்துங்
20 அக்டோபர் 2024

ஜஸ்மினுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். காகிதத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

விழுந்தது உண்மை. தனியாகப் போனது என் தவறு. அதை ஷர்மினியிடம் நானே சொன்னேன். அவள் பதறவில்லை, திட்டவுமில்லை. எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தேன், தரை நனைந்திருந்ததா, கையில் என்ன இருந்தது, எதைப் பிடிக்கப் போனேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒரு கையால் சட்டியைத் தூக்கித் திரும்பும்போதுதான் விழுந்திருக்கிறேன். அது எனக்கே அப்போதுதான் தெரியவந்தது. “அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா, அடுத்த தடவை எப்படி விழாம போறதுன்னு பாத்திருப்போமேம்மா” என்றாள். நீ என் காலை முடக்கினாய். அவள் நான் விழுந்த இடத்தைத் தேடினாள். உங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது எதையும் தூக்குவதில்லை. மேடையோடு தள்ளிக்கொண்டு போகிறேன். கவிழ்த்து ஊற்றுவதில்லை, கரண்டியால் மொண்டு எடுக்கிறேன். துருப்பிடிக்காத ஆணிகள் அடித்த ஒரு பலகை கொடுத்திருக்கிறாள். வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்திவிட்டால் ஒரு கையால் நறுக்கலாம். சட்டை போடும்போது முடியாத கைக்கு முதலில் சட்டை, கழற்றும்போது முடிந்த கைக்கு முதலில். நீ எனக்குச் சட்டை போட்டபோதெல்லாம் தோள் வலித்ததே, நான் முனகினால் நோய் என்றாயே, வரிசை மாற்றிப் போட்டதால் வந்த வலி அது. ஷர்மினி வீட்டுக்கு வந்த முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்தாள். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

போன வாரம் தேநீர் கொட்டி இடது மணிக்கட்டில் கொப்புளம். ஹைருல் பயந்துபோய், “வேணாம் உம்மா, நான் ப்ளாஸ்க்ல போட்டு வச்சிட்டுப் போறேன் லா” என்றான். உன் குரல் அவன் வாயிலிருந்து வந்தது. வேண்டாம் என்றேன். மறுநாளும் போட்டேன். கொட்டவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு உன்னை மன்னித்துவிட்டேன் என்று முடிக்கத்தான் இருந்தேன். மாப்பிள்ளை விஷயத்தில் உனக்கு நியாயம் இருக்கிறது என்றும் எழுத நினைத்தேன். அதற்குள் துணிக்கடை ஷஹீதா என்னைப் பார்க்க இங்கே வந்தாள்.

ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே, “கதீஜா...க்கா, நான் யா...ரு தெரியுதா? ஷ...ஹீ...தா” என்று கத்தினாள். செவிடென்று நினைத்தாளாக்கும் என்று பார்த்தேன். இல்லை. ஒரு பழத்தை உரித்து என் வாயருகே நீட்டினாள். ஹைருலைப் பார்த்து, என் முன்னாலேயே, “ராத்திரில எந்திரிச்சு எங்கயும் போயிடறாங்களா? ஜஸ்மின் சொன்னா, பாவம், நினைவெல்லாம் போயிடுச்சுன்னு” என்றாள்.

ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாயாம். மீன்காரர், சூராவில் தொழவரும் பெண்கள், கடைக்கு நாற்பது வருடமாக வருகிறவர்கள், எல்லாரிடமும்.

என் கை போனது, அல்லாஹ் எடுத்தான். கையைத் திரும்பப் பெறும் வழியை நீ அடைத்தாய். அதற்காவது பயம் என்றொரு காரணம் சொன்னாய். என் புத்தியை எதற்கு எடுத்தாய் ஜஸ்மின்? அது என்னிடம் முழுசாக மிஞ்சியிருந்த ஒன்று.

கதீஜா


கோல சிலாங்கூர்
29 அக்டோபர் 2024

ராத்தா,

நாள் தவறாமல் யாராவது உங்களைப் பார்க்க வேண்டும் என்று வந்து நிற்பார்கள். “இந்தக் கோலத்துல யாரும் என்னப் பாக்கக் கூடாது” என்று நீங்கள்தான் சொன்னீர்கள். உடம்பு முடியவில்லை என்றேன். “பரவால்ல, ரெண்டு நிமிஷம் பாத்துட்டுப் போறோம்” என்று மாடிப்படியில் கால் வைத்தார்கள். ஒரு நாள் வாய் தவறி, ராத்தாவுக்கு யாரையும் தெரிவதில்லை என்றேன். உடனே இறங்கிவிட்டார்கள். அது சுலபமாக இருந்தது. அடுத்தவரிடமும் சொன்னேன். அப்புறம் அது என் கையை விட்டுப் போய்விட்டது. ஊரே சொன்னது.

வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வாருங்கள் ராத்தா. கீழறையை உங்களுக்காக ஒழித்துவிட்டேன். படியேற வேண்டியதில்லை. குளியலறையில் ஆள் வைத்துக் கம்பி பொருத்தியிருக்கிறேன், நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன், வழுக்காத விரிப்பும் போட்டாயிற்று. அடுப்படிக்கு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். நான் தடுக்க மாட்டேன். சத்தியம்.

நீங்கள் இல்லாமல் வீட்டில் சத்தமே இல்லை.

ஜஸ்மின்


புக்கிட் பெருந்துங்
10 நவம்பர் 2024

ஜஸ்மினுக்கு,

பையை எடுக்கப் போனபோது ஹைருல் நீ பொருத்திய கம்பியைப் பார்த்துவிட்டு வந்தான். கழிவறையில் உட்கார்ந்தால் அது வலது பக்கச் சுவரில் இருக்கிறதாம்.

என் வலது கை எதையும் பிடிக்காது. ஆறு மாதம் என்னைத் தூக்கி நிறுத்தியவள் நீ. எந்தக் கை எனக்கு உதவும் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் இடது பக்கம் பொருத்தச் சொல்லியிருப்பாய். இங்கே ஷர்மினி என்னை உட்காரவைத்து, எழச்சொல்லி, என் இடது முழங்கை எந்த உயரத்தில் வருகிறது என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். அதற்குப் பிறகுதான் ஹைருல் துளை போட்டான்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். என்னைக் கேட்காமல் செய்தாய். இவ்வளவும் அதனால்தான் வந்தது.

வீட்டுக்கு வரமாட்டேன். கடையை நீயே நடத்து. நல்ல மீன் வாங்கத் தெரிந்தவள்தான் நீ, எனக்கு அது எப்போதும் தெரியும். ஒரு நாள் கடைக்கு வருவேன். எப்போது என்று சொல்லமாட்டேன்.

கதீஜா


கோல சிலாங்கூர்
14 ஜனவரி 2025

ராத்தா,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆனால் என் பக்கத்திலிருந்து நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

காலைக் கூட்டம் குறைந்திருந்தது. முட்டாக்கு கட்டிய ஒரு பெண் கைத்தடி ஊன்றி வாசல் மேடு ஏறுவதைப் பார்த்தேன். முதலில் நல்ல கால், பிறகு மற்ற கால். நீங்கள்தான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நீங்கள் நிற்பதையே நான் மறந்துபோயிருந்தேன். கல்லாவை விட்டு ஓடிவந்தேன். நாற்காலியை இழுத்துப் போடக் கை நீட்டினேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் வேறு மேசைக்குப் போய் உட்கார்ந்தீர்கள். ஆர்டர் எடுக்கும் பையனைக் கூப்பிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தே தாரேக் தேநீரும் ஒரு ரொட்டி சானாயும் கேட்டீர்கள். மீன்காரர், ஷஹீதா, பள்ளிவாசலுக்குப் பக்கத்துவீட்டு அம்மா, எல்லாரும் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்தீர்கள். ஷஹீதாவிடம், “உன் மகளுக்குப் பிள்ளை பிறந்து... நாற்பது முடிஞ்சிருக்குமே” என்று கேட்டீர்கள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பிறகு எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நீங்கள் என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவி எழுந்து, வாடகைக் காரைக் கூப்பிட்டு, கடைக்கு வெளியே போய் நின்றீர்கள். நான் பின்னால் வந்து பக்கத்து மருந்துக்கடைத் தூணோடு நின்றேன். கார் வந்தது. ஓட்டுநர் இறங்கி உங்களைத் தாங்க வந்தார். தலையாட்டி வேண்டாம் என்றீர்கள். கதவைத் திறந்து, திரும்பி நின்று, இருக்கை காலில் படும்வரை பின்னால் நகர்ந்து, முதலில் உட்கார்ந்தீர்கள். அதற்குப் பிறகு இடது கையால் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தீர்கள். இருக்கைப் பட்டை மாட்டவில்லை. நழுவியது. மறுபடி இழுத்தீர்கள். மறுபடி நழுவியது. பின்னால் ஒரு லோரி ஹார்ன் அடித்தது.

அப்போது என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். அந்தப் பட்டை மாட்டக் கூடாது என்று நினைத்தேன். அழுதுவிட்டு, திரும்பி, ஜஸ்மின் என்று கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் ஓடிவந்து மாட்டிவிட்டு, முன்போல் நீங்கள் தொடக் கன்னத்தைக் காட்டியிருப்பேன்.

பட்டை மாட்டிக்கொண்டது. சத்தம் எனக்குக் கேட்டது. கார் போய்விட்டது.

உங்களைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று உங்களுக்கு எழுதினேன். எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தூணோடு நின்ற அந்த நேரத்தில் அது பொய் என்று தெரிந்துவிட்டது. நீங்கள் தோற்க வேண்டும் என்று விரும்பியிருக்கிறேன் ராத்தா. என் கூடப்பிறந்தவள் தோற்க வேண்டும் என்று.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. எழுதத்தான் முடிந்தது.

ஜஸ்மின்


புக்கிட் பெருந்துங்
26 ஜனவரி 2025

ஜஸ்மினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தூணோடு நீ நின்றதைக் கார்க் கண்ணாடியில் பார்த்தேன். கூப்பிடலாமா என்று எனக்கும் வாய்வரை வந்தது. கூப்பிட்டிருந்தால் மறுபடி பழையபடி ஆகியிருப்போம். அதனால்தான் கூப்பிடவில்லை.

நீ எழுதியதைப் படித்த பிறகு ஒரு வாரம் உன்னை வெறுத்தேன். கை ஒவ்வொரு தடவை மறுக்கும்போதும் உன் முகம் வந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அதைப் பிடுங்கி எறிந்தேன். ஷர்மினி வந்தபோது அந்தப் பொத்தானைத் தேடி எடுத்துக் கொடுத்து, “இன்னைக்கு இதுக்குக் கோபம் மட்டும் போதாதும்மா, கட்டைவிரலும் வேணும்” என்றாள். சிரித்துவிட்டேன். என் வலது கட்டைவிரல் இப்போது கொஞ்சம் அசைகிறது. மற்ற விரல்கள் அப்படியே இருக்கின்றன. அவை இனி வரும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன்னை மன்னிக்கவில்லை. பொய்யாக மன்னித்தால் அதுவும் உனக்கு நான் செய்கிற துரோகம். தெலுக் இந்தான்காரரைத் திருப்பி அனுப்பியதை நீயும் மன்னிக்க வேண்டாம். கடையில் நீ இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது என்பதற்காகத்தான் அனுப்பினேன். அவரைப் பற்றி நான் எதுவும் விசாரிக்கவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கும் தெரியாது.

ஹைருலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை இருக்கிறது. பகலில் நான் தனியாகத்தான் இருப்பேன். வெளிக்கதவைப் பூட்டுவதில்லை. வர விரும்பினால் வா. சமைத்து எடுத்து வராதே.

வந்தால் முன்னறையில் உட்கார். தேநீர் நான் போடுவேன். தண்ணீர் வைக்கவும், கோப்பையை எடுக்கவும், மொண்டு நிரப்பவும், தள்ளுவண்டியில் வைத்து முன்னறைக்குத் தள்ளிக்கொண்டு வரவும் எனக்கு நேரமாகும். உள்ளே ஏதாவது விழுகிற சத்தம் கேட்கும். நான் வாய்விட்டுத் திட்டிக்கொள்வதும் கேட்கும்.

நீ எழுந்து வரக் கூடாது.

கதீஜா